காசில்லாத சிற்றிதழ் ஏஐ படம் போட்டால் யாருக்கு நஷ்டம்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு காலாண்டிதழ் நடத்துகிறீர்கள். 300 பிரதிதான். எழுதுபவருக்கும் பணம் கிடையாது, நடத்துபவருக்கும் கிடையாது. சென்ற இதழின் அட்டைக்கும், உள்ளே பனையேறி ஒருவரைப் பற்றிய சிறுகதைக்கும் ஏஐ படம் போட்டிருக்கிறீர்கள். அதைப் பார்த்துவிட்டு, தொடர்ந்து எழுதிவந்த கவிஞர் ஒருவர் இனி என் கவிதை உங்களுக்கு வராது என்று சொல்லிவிட்டார். அடுத்த இதழுக்கும் அதே மாதிரி அட்டை தயாராகி, அச்சகத்தில் கொடுத்தாயிற்று. இன்னும் பிளேட் (அச்சுத் தகடு) போடவில்லை. இது தவறா, சட்டச் சிக்கல் ஏதும் வருமா என்று கேட்கிறீர்கள். ஆனால் உள்ளே இருக்கிற கேள்வி வேறு என்று தோன்றுகிறது. நாங்கள் எந்த ஓவியருக்கும் காசு கொடுத்ததில்லை, கொடுக்கவும் வழியில்லை. அப்படியிருக்க யார் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோம்? அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நாகர்கோவிலில் பல வருஷமாகப் புத்தகங்களுக்கும் சிற்றிதழ்களுக்கும் லேஅவுட் செய்துவருகிறேன். பேஜ்மேக்கரில் ஆரம்பித்து இப்போது இன்டிசைன். ஓவியர்களிடம் கெஞ்சிப் படம் வாங்குவது, அதை ஸ்கேன் செய்து சுத்தப்படுத்துவது, அட்டையை அச்சகத்துக்கு அனுப்புவது எல்லாம் இந்த வேலையில் சேர்த்திதான். வழக்கறிஞர் இல்லை. சட்டம் பற்றிக் கீழே சொல்லியிருப்பது, தொழிலுக்குத் தேவைப்பட்டதால் படித்துவைத்த அளவுதான்.

சந்தேகமே இல்லாத விஷயத்திலிருந்து தொடங்கலாம். இந்தக் கருவிகள் மனிதர்கள் வரைந்த, எடுத்த படங்களைத் தின்று வளர்ந்தவை. 2022 ஆகஸ்டில் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷன், லயன் என்ற தொகுப்பின் பகுதிகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது. அந்தப் பெரிய தொகுப்பில் இணையத்திலிருந்து வாரி எடுத்த சுமார் 585 கோடி படங்களின் முகவரிகளும் அவற்றின் விவரிப்புகளும் இருந்தன. படத்துக்கு உரியவர்களை யாரும் கேட்கவில்லை. மிட்ஜர்னி என்ற இன்னொரு படக் கருவியை நிறுவியவரே அதே வருஷம் ஒரு பேட்டியில், ஓவியர்களிடம் அனுமதி வாங்கவில்லை என்று ஒத்துக்கொண்டார். சில ஏஐ ஓவியங்களின் கீழ் மூலையை உற்றுப் பார்த்தால், ஓவியர் கையெழுத்துப் போடுகிற இடத்தில் வாசிக்க முடியாத ஒரு கிறுக்கல் இருக்கும். எந்த மனிதரின் கையெழுத்தும் இல்லை அது. படம் என்றால் மூலையில் இப்படி ஏதோ இருக்கும் என்று இயந்திரம் எண்ணற்ற படங்களிலிருந்து கற்றுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

சந்தேகத்துக்கு உரியது இதற்கு அடுத்த படி. பார்த்துக் கற்றது திருட்டாகுமா? எல்லா ஓவியர்களும் முன்னோர்களைப் பார்த்துத்தானே வரைகிறார்கள் என்று ஒரு கட்சி. ஒரு மாணவன் பத்து வருஷம் பார்த்துக் கற்பதும், ஒரு நிறுவனம் கோடிக்கணக்கில் அள்ளிப்போட்டு அதை மாதச் சந்தாவுக்கு விற்பதும் ஒன்றா என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சிக்காரன். ஆனாலும் இது என் கருத்து மட்டும்தான், நிரூபிக்கப்பட்ட உண்மை என்று சொல்ல மாட்டேன். உங்கள் அட்டையில் எந்த ஓவியரின் கை எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் பிரித்துக் காட்டவும் முடியாது. ஓவியரின் பெயரைச் சொல்லியே கேட்கும்போது மட்டும் கதை மாறிவிடுகிறது. போலந்துக்காரரான கிரெக் ருட்கோவ்ஸ்கியின் பெயரை ஆயிரக்கணக்கானோர் கட்டளையில் தட்டித் தட்டி, இணையத்தில் அவர் பெயரைத் தேடினால் அவர் வரையாத படங்களே வந்து நிற்கும் நிலை வந்தது. "ஆதிமூலம் பாணியில் ஒரு கோட்டோவியம்" என்று நீங்கள் தட்டினாலும் அதே காரியம்தான். பாணிக்குப் பதிப்புரிமை கிடையாது என்பதால் சட்டம் உங்களைப் பிடிக்காமல் இருக்கலாம். ஆனால் ஓவியர்கள் ஆதிமூலமும் டிராட்ஸ்கி மருதுவும் சிற்றிதழ்களுக்கு வரைந்து கொடுத்தவர்கள். அவர்கள் கோட்டை நகலெடுக்கச் சொல்லி இன்னொரு சிற்றிதழே இயந்திரத்தை ஏவுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

காசு விஷயத்துக்கு வருவோம். உங்கள் வாதத்தில் பாதி சரி. காசே கொடுக்காத இதழ் ஒரு ஓவியரின் வருமானத்தைப் பறித்தது என்று சொல்வது மிகை. நம் ஊரில் ஓவியர்களின் வருமானம் போனது வேறு வழியில். கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் போர்டு எழுதியவர்களையும், சுவரில் விளம்பரம் வரைந்தவர்களையும் ஃபிளெக்ஸ் வந்து எப்போதோ வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அப்போது நாம் யாரும் கவிதை அனுப்புவதை நிறுத்தவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் சிற்றிதழ் ஓவியருக்குக் கொடுத்தது என்றைக்குமே காசு இல்லை. வரைகிற ஒரு பையனின் படம் முதல்முறை அச்சில் வருகிற இடம் அது. கதையைப் படித்துவிட்டு, இதற்கு இப்படி வரையலாமா என்று எழுத்தாளரோடு சண்டை பிடிக்கிற இடம் அது. பிறகு பதிப்பாளர் ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்து, காசு கொடுத்து அட்டை கேட்கிறார். அந்த முதல் படியை எடுத்துவிட்டால் நஷ்டம் யாருடைய கணக்கிலும் ஏறாது. ஆனால் சில வருஷம் கழித்து அட்டை வரைய ஆள் தேடும்போது ஆள் இருக்க மாட்டார்கள். அப்புறம் இன்னொன்று. மிட்ஜர்னிக்கு மாதம் 10 டாலர் கட்டுகிறீர்கள் என்றால் காசே இல்லை என்று சொல்லாதீர்கள். குறைந்தது 850 ரூபாய் ஆகிறது; மூன்று மாதத்துக்கு, அதாவது ஒரு இதழுக்கு, 2,500 ரூபாய்க்கு மேல். ஒரு அட்டைக்கு அதை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வரைந்து தருகிறவர்களை எனக்குத் தெரியும்.

நீங்கள் இணைத்திருந்த பக்கங்களில் என் கண்ணில் பட்டது இதுதான்: படைப்புகளை அனுப்பும் முறை என்ற கட்டத்தில் "ஏஐ எழுதியவை ஏற்கப்படமாட்டா" என்று போட்டிருக்கிறீர்கள். நல்லது. அமெரிக்காவில் கிளார்க்ஸ்வேர்ல்டு என்ற அறிவியல் புனைவு இதழ், ஏஐ எழுதிய கதைகள் குவிந்ததால் 2023 பிப்ரவரியில் கதை வாங்குவதையே கொஞ்ச நாள் நிறுத்திவைத்தது. ஆசிரியர்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த வரி அச்சான அதே இதழின் அட்டை ஏஐ செய்தது. கவிதை என்றால் அதற்குப் பின்னால் ஒரு ஆள் இருந்தாக வேண்டும், படத்துக்கு ஆள் தேவையில்லை என்று சொல்வதுபோல் ஆகிவிட்டது. உங்கள் கவிஞர் கோபப்பட்டது இதற்காகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அவருக்கும் நீங்கள் காசு கொடுக்கவில்லை. அவர் எழுதினால் ஒரு மனிதர் உட்கார்ந்து படித்துத் தேர்ந்தெடுப்பார் என்பதற்காகத்தான் அனுப்பினார். காசு கைமாறாத இடத்தில் ஒருவரை ஒருவர் மதிப்பது மட்டும்தான் கூலி. ஓவியர் விஷயத்தில் நீங்கள் அதைக் குறைத்துக்கொண்டீர்கள்.

பனையேறி கதைக்குப் போட்ட படத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அதில் இருப்பது தென்னை. ஓலை இறகு மாதிரி நீண்டு தொங்குகிறது. பனை ஓலை விசிறி மாதிரி விரிந்து நிற்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மரத்தில் இருப்பவர் ஜிம்முக்குப் போகிறவர் மாதிரி உடம்போடு, தலையில் காவி முண்டாசு கட்டி, மின்வாரிய லைன்மேன் மாதிரி இடுப்பில் கயிறு போட்டுத் தொங்குகிறார். காலில் மாட்டும் தளைநார் இல்லை, இடுப்பில் அரிவாள் வைக்கும் அருவாப்பெட்டி இல்லை, ஏறுவதற்காக மரத்தடியில் சாய்த்துவைக்கும் முருக்குத்தடி இல்லை. கதையிலோ அந்த முருக்குத்தடிதான் கடைசியில் மகன் கைக்கு வருகிறது! எழுத்தாளர் ஒவ்வொரு கருவியையும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார். எதிர்ப்பக்கத்துப் படம் அத்தனையையும் பொய்யாக்குகிறது. விளவங்கோடு, கல்குளம் தாலுகாவில் அப்பாவோ தாத்தாவோ பனையேறியாக இருந்த வாசகர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அக்கானி (பதநீர்) குடித்து வளர்ந்தவருக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும், கூடவே கொஞ்சம் கோபமும் வரும். அவர்களை விடுங்கள். பனையேற்றம் குறைந்துகொண்டே வருகிற தொழில். ரோஜா முத்தையா நூலகம் மாதிரி ஒரு இடத்தில் உங்கள் இதழ் போய் உட்கார்ந்து, ஐம்பது வருஷம் கழித்து ஒரு ஆய்வு மாணவி எடுத்துப் பார்த்தால், கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தே வந்த இதழாயிற்றே என்று நம்பித்தான் பார்ப்பாள். வெளியூர் வார இதழ் தப்பாகப் போட்டால் அவர்களுக்குத் தெரியாது என்று விட்டுவிடலாம். உள்ளூர் சிற்றிதழுக்கு அந்தச் சாக்கு கிடையாது. என் கணக்கில், ஓவியரின் கூலியைவிட இதுதான் பெரிய பிரச்சினை.

இதே வகையில் யாரும் பேசாத ஒன்று, பழைய புகைப்படத்தைத் தெளிவாக்குவது. அஞ்சலிக் கட்டுரைகளில் இது அடிக்கடி நடக்கிறது. மறைந்துபோன ஒரு வில்லிசைக் கலைஞரின் படம் ஒருமுறை லேஅவுட்டுக்கு வந்தது. வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருந்த பழைய ஸ்டூடியோ படம். அதைச் செல்போனில் எடுத்து, ஏதோ ஒரு செயலியில் போட்டுப் பளிச்சென்று ஆக்கி அனுப்பியிருந்தார்கள். பார்க்க அருமையாக இருந்தது. மூலப்படத்தையும் அனுப்புங்கள் என்று கேட்டு வாங்கி, இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூலத்தில் காதில் கடுக்கன். புதியதில் காது வெறுமையாக இருந்தது. மூலத்தில் உதடு மூடியிருந்தது. புதியதில் லேசாகத் திறந்து, வரிசையான பற்கள் தெரிந்தன. கண் வேறு யாருடைய கண்ணோ. மங்கிப்போன இடத்தில் என்ன இருந்தது என்பது செயலிக்குத் தெரியாது. ஒரு முகத்தில் பொதுவாக என்ன இருக்கும் என்று யூகித்து நிரப்புகிறது. மங்கலான படத்தைத்தான் போட்டோம். குடும்பத்தார் அதைத்தான் அவர் என்று அடையாளம் கண்டார்கள். தூசியையும் கீறலையும் நீக்குவது, அச்சான பிறகு ஓரம் வெட்டுவதற்காக அட்டையின் பின்னணி நிறத்தை மூன்று மில்லிமீட்டர் நீட்டுவது, இதற்கெல்லாம் ஏஐ கருவியைப் பயன்படுத்தினால் எனக்கு ஒரு உறுத்தலும் இல்லை, நானே செய்கிறேன். ஆளின் முகத்தைத் தொடும்போது மட்டும் கையைக் கட்டிக்கொள்வேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 300 பிரதி இதழ் மீது ஏஐ படத்துக்காக யாரும் வழக்குப் போடப் போவதில்லை, அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். அமெரிக்காவில் நிலைமை ஓரளவு தெளிவு. மிட்ஜர்னி படங்களால் ஆன ஒரு காமிக்ஸில் எழுத்துக்கும் அமைப்புக்கும் உரிமை உண்டு, தனித்தனிப் படங்களுக்கு இல்லை என்று அங்கே பதிப்புரிமை அலுவலகம் 2023 பிப்ரவரியில் சொன்னது. ஒரு படைப்பின் ஆசிரியர் என்பவர் மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்று 2025 மார்ச்சில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. இந்தியாவில் 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தில், 1994 திருத்தத்தில் நுழைந்த ஒரு உட்பிரிவு இருக்கிறது: கணினி உருவாக்கிய படைப்புக்கு, அதை உருவாக்கச் செய்தவரே ஆசிரியர். இன்றைய ஏஐயைக் கனவிலும் காணாத காலத்தில் எழுதியது. நாலு வார்த்தை தட்டியவரை அதன்படி ஓவியத்தின் ஆசிரியராக ஏற்பார்களா என்பது இன்னும் முடிவாகவில்லை. பயிற்சிக்கு எடுத்தது மீறலா என்ற கேள்வி, ஏஎன்ஐ செய்தி நிறுவனம் ஓப்பன்ஏஐ மீது 2024 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் வந்திருக்கிறது. அது எழுத்தைப் பற்றியது, படத்தைப் பற்றியது இல்லை. ஸ்டேபிள் டிஃப்யூஷனை உருவாக்கிய நிறுவனத்தின் மீது லண்டனில் கெட்டி இமேஜஸ் என்ற புகைப்பட நிறுவனம் தொடுத்த வழக்கு 2025 நவம்பரில் பெரும்பாலும் கெட்டிக்கு எதிராகத்தான் முடிந்தது. அதனால் பயிற்சி நியாயம் என்று ஆகிவிடவில்லை. பயிற்சி பிரிட்டனில் நடந்ததாகக் காட்ட முடியாமல் அந்தப் பகுதியைக் கெட்டியே பாதியில் கைவிட்டிருந்தது. நடைமுறையில் உங்களுக்குத் தேவையானது இரண்டு. உங்கள் ஏஐ அட்டையை வேறொருவர் எடுத்துப் போட்டுக்கொண்டால் தடுக்க உங்கள் கையில் உறுதியான உரிமை இல்லை. படம் ஏற்கெனவே இருக்கிற ஒன்றைப் போலவே அமைந்துவிட்டால் பொறுப்பு வெளியிட்டவருக்குத்தான். அதனால் கூகுள் லென்ஸில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

தெரியாமலும் இது உள்ளே வரும். 2022 கடைசியில் டோர் என்ற பெரிய அமெரிக்கப் பதிப்பகமே, படங்களை விற்கும் இணையக் கிடங்கிலிருந்து காசு கொடுத்து வாங்கிய படம் ஏஐ செய்ததாக இருக்கலாம் என்று பிறகுதான் தெரிந்து, அறிக்கை விட வேண்டியதாயிற்று. இப்போது படக் கிடங்குகளில் ஏஐ படங்கள் ஏராளம். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய "கேரள ஓவியம்" பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வேறு என்ன வழி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். படம் இல்லாமல் இதழ் வரலாம். வெறும் எழுத்தும் ஒரே நிறமும் வைத்து அட்டை போட்ட மரபு தமிழ்ச் சிற்றிதழ்களுக்கு உண்டு, அவற்றைப் பார்த்து யாரும் ஏழை இதழ் என்று சொன்னதில்லை. இறந்து 60 வருஷம் தாண்டிய ஓவியர்களின் படைப்புக்கு உரிமை முடிந்துவிட்டது. 1906-இல் மறைந்த ஓவியர் ரவிவர்மா, நம் மாவட்டமும் முன்பு சேர்ந்திருந்த அதே திருவிதாங்கூரைச் சேர்ந்தவர்தான். கும்பகோணம், சென்னை அரசு கவின் கலைக் கல்லூரிகளில் படித்து முடித்து, படம் அச்சில் வராதா என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பக்கத்து அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியரை யாராவது கேட்டிருக்கிறீர்களா? மசியில் வரைந்த கோட்டோவியத்தை 1200 டிபிஐயில் (ஒரு அங்குலத்துக்கு 1200 புள்ளி) கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்தால் அச்சில் கோடு கத்தி மாதிரி விழும். ஏஐ கொடுக்கிற "கோட்டோவியம்" உண்மையில் சாம்பல் நிறப் படம்; பிளேட்டில் புள்ளி புள்ளியாக உடைந்து கோடு நைந்துபோகும். அட்டைக்கும் இதே கதிதான். 1024 பிக்சல் படம் 300 டிபிஐயில் மூன்றரை அங்குலத்தைக்கூடத் தொடாது. டெம்மி அளவில் வரும் உங்கள் அட்டையின் உயரத்துக்கு 2,600 பிக்சலாவது வேண்டும். இழுத்துப் பெரிதாக்கியதால்தான் சென்ற அட்டையில் அந்த முகம் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி வழவழப்பாக இருக்கிறது.

எந்தக் கதைக்கும் படமாக அமையாத, எந்த ஊரையும் ஆளையும் காட்டாத ஒரு வண்ணக் கலவையை ஏஐயில் செய்து அட்டையில் போட்டால்? நான் செய்ய மாட்டேன், ஆனால் செய்கிறவரைக் குற்றவாளி என்று சொல்லவும் மாட்டேன். சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆசிரியர் குழு, முகவரி, சந்தா விவரம் போடுகிற கட்டத்தில் "அட்டை: ஏஐ உருவாக்கம்" என்று, எந்தக் கருவி என்பதோடு, மற்றப் பெயர்கள் இருக்கிற அதே எழுத்து அளவில். அப்படிப் போடக் கூச்சமாக இருந்தால் அந்தப் படத்தைப் போடாமல் இருப்பதே நல்லது.

இனி உங்கள் அடுத்த இதழ். கவிஞருக்கு வாட்ஸ்அப்பில் தகவல் அனுப்பாமல் நேரில் போய்ப் பாருங்கள், அல்லது போனாவது செய்யுங்கள். சென்ற இதழின் படங்கள் ஏஐ செய்தவை, அதைக் குறிப்பிடாமல் விட்டோம் என்று அடுத்த இதழில் ஒரு வரி வரும் என்று சொல்லுங்கள். அவர் திரும்பி வருவாரா என்பது அவர் இஷ்டம். பனையேறி கதை எழுதியவரிடமும் பேசுங்கள், அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பதால் அவருக்கு வருத்தம் இல்லை என்று ஆகாது. அட்டைக்கு இதழின் பெயரையும் ஒரு நிறத்தையும் மட்டும் வைத்து இரண்டு நாளில் ஒன்று செய்துவிடலாம், தேவைப்பட்டால் நான் பார்த்துத் தருகிறேன். பிளேட் போட்ட பிறகு மாற்றினால் அந்தக் காசையும் கேட்பார்கள். அதனால் இன்றைக்கே அச்சகத்துக்குப் போன் செய்து அட்டையை மட்டும் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள், உள்பக்கங்கள் ஓடட்டும்.